எட்டு முழ வேட்டியில் நாலரை மில்லிமீட்டர்

மாப்ளே, இப்படி வந்து உக்காரு. பயப்படாத, அடிக்க மாட்டேன். வேட்டியக் காட்டத்தாம் கூப்பிட்டேன்.

போன பொங்கலுக்கு உங்க அத்தை எடுத்துக் குடுத்த எட்டு முழம். நேத்து மத்தியானம் மொட்டமாடிக் கொடியில காயப்போட்டது. சாயந்தரம் எடுத்து உதறினா அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வருது. ரெண்டு ஓட்டை. வேற ஆளா இருந்தா எலி கடிச்சதுன்னு விட்டிருப்பான். நான் செர்லப்பள்ளியில முப்பத்தோரு வருசம் லேத்து ஓட்டினவன், ஓட்டையக் கண்டா அளக்காம இருக்க முடியாது. பீரோவுல இருந்து வெர்னியர எடுத்து வச்சுப் பாத்தேன். ஒண்ணு பஞ்ச் போட்ட மாதிரி நாலரை மில்லிமீட்டர். இன்னொண்ணு கொஞ்சம் பெரிசு, ஓரம் வேற கருகியிருக்கு. அதை அப்புறம் பேசுவோம். நாலரைன்னா 0.177 அங்குலம். ஓரம் பிசிறில்லாம வெட்டியிருக்கதப் பாத்தா தட்டைத்தலைக் குண்டு. இந்த ஏ.எஸ்.ராவ் நகர்ல அந்தக் குண்டு யார் வீட்டு அலமாரியில இருக்குன்னு கண்டுபிடிக்கப் போலீஸ் நாயா வேணும்?

உன் திறமைய நான் குறைச்சுச் சொல்லுததா நெனைக்காத. வடகம் திங்க வந்து, நீ குறி வச்ச குரங்கு உக்காந்திருந்தது சின்டெக்ஸ் தொட்டி மேல. வேட்டி தொங்கினது அதுக்கு இடப்பக்கம், ஒரு சாண் கீழ. அது குண்டுச் சத்தத்துக்கு எந்திரிக்கக்கூட இல்லையாமே? திரும்பி உன்ன ஒரு பார்வை பாத்துட்டு மிச்ச வடகத்தையும் தின்னு முடிச்சதாக் கேள்வி.

இந்த ஊருக்குப் பேரு எப்படி வந்ததுன்னு தெரியுமா உனக்கு? அய்யகாரி சாம்பசிவ ராவ். 1967-ல ஈ.சி.ஐ.எல். கம்பெனிய இங்க நிறுத்தினவரு. அவரு நிறுத்துன கம்பெனிதாம் பின்னால பெங்களூருக்குப் பக்கத்துல பையலாலுங்கிற ஊர்ல 32 மீட்டர் அகலத்துல ஒரு தட்டு செஞ்சு வச்சது. 2008-ல சந்திரயான் போனப்ப, நாலு லட்சம் கிலோமீட்டருக்குக் கிட்ட தள்ளி நிலாவச் சுத்திக்கிட்டிருந்த பெட்டிய நேராக் குறிபாத்துப் பேசுனது அந்தத் தட்டு. நீ அவரு பேர வச்ச காலனியில, அவரு பேர வச்ச தெருவிலாசத்துல இருந்துக்கிட்டு, பன்னெண்டு மீட்டர் தூரத்துல ஆயிரம் லிட்டர் தொட்டியத் தவற விட்டிருக்க. நல்லவேளை, தவறுச்சு. தொட்டியில பட்டிருந்தா நாலாவது மாடி முழுக்க உன் பேரச் சொல்லிக் குளிச்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்லிருதேன். 2016 ஆயுத விதிப்படி, துளை நாலரை மில்லிமீட்டருக்கு மிஞ்சாம, விசை 20 ஜூலுக்கு மிஞ்சாம இருந்தா உன்னுது மாதிரி ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம்கிறது துப்பாக்கிக்கு. குரங்கச் சுட்டா 1960-லயே போட்ட மிருகவதைச் சட்டம் இருக்கு, கிளி மயிலச் சுட்டா 1972-ல போட்ட வனவிலங்குச் சட்டம் இருக்கு. அருணாசலப் பிரதேசத்துல 2021-ல இருந்து சனங்க தானாவே ஏர் கன்னக் கொண்டாந்து சரண்டர் பண்ணினாங்க, காட்டுல பறவைச் சத்தம் கேக்கணும்னு. சட்டத்த விடு. அனுமாரு மேல குண்டு பட்டதுன்னு செவ்வாக்கிழமை கோயில் வாசல்ல ஒரு வார்த்தை கிளம்பினா உன்ன எந்த வக்கீலும் காப்பாத்த மாட்டான். இனிமே அது காகிதத்தச் சுடுத துப்பாக்கி. சம்மதமா? அப்பச் சரி, கொண்டா அதை.

அடேயப்பா. எத்தனை ரூவா ஸ்கோப்பு? துப்பாக்கிய விட அதிகமா? குதிரை பாதி விலை, ஜீனி முழு விலை. ஒம்பது மடங்கு பெரிசாக் காட்டுமாக்கும். காட்டும் காட்டும். உன் கை நடுக்கத்தையும் ஒம்பது மடங்கு காட்டும், அதுக்குத் தனிக் காசு கேக்க மாட்டான்.

நம்ம ககன் நாரங் இருக்காரே, 1983-ல சென்னையில பிறந்து இந்த ஹைதராபாத்துல வளந்தவரு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல பத்து மீட்டர் ஏர் ரைபிள்ல 701.1 எடுத்து வெண்கலம் வாங்குனாரு. அதுக்கு நாலு வருசம் முந்தி பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா 700.5-க்குத் தங்கமே வாங்கிட்டாரு. வெலவாசி எல்லா எடத்துலயும் ஏறத்தாம் செய்யுது. கடலூர்ல பிறந்த நம்ம பிள்ளை இளவேனில் வாலறிவன் 2019-ல ரியோ உலகக்கோப்பையில தங்கம் அடிச்சா. இவங்க யாரு துப்பாக்கியிலயும் பெரிசாக் காட்டுத கண்ணாடி கிடையாது. கண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஊசித்துளை, குழல் நுனியில ஒரு வளையம், அவ்வளவுதாம். அவங்க குறி வைக்கிற பத்தாம் நம்பர் புள்ளி எத்தாம் பெரிசு தெரியுமா? அரை மில்லிமீட்டர். என் வேட்டி ஓட்டையில ஒம்பதுல ஒரு பங்கு.

சரி, நீ வாங்கிட்ட. வாங்கினதுக்கு மாட்டத் தெரியணும்ல.

மொதல்ல இந்த மவுண்ட்டப் பாப்போம். துப்பாக்கி முதுகுல இருக்குதது பதினோரு மில்லிமீட்டர் தண்டவாளம். நீ மாட்டியிருக்கது இருபத்தோரு மில்லிமீட்டருக்குச் செஞ்சது. சந்துல அட்டைய மடிச்சுச் சொருகி இறுக்கியிருக்க. பிராட் கேஜ் வண்டிய மீட்டர் கேஜ்ல ஓட்டப் பாத்திருக்க, அதுவும் தீப்பெட்டி அட்டைய முட்டுக் குடுத்து. ரயில்வேயில ஒனக்கு வேலை கிடைக்காமப் போனது நாட்டுக்கு நல்லது. சரியான மவுண்ட்டு வாங்கு. முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு தனித்தனி வளையம் வேண்டாம், ஒரே கட்டையா வாரது வாங்கு. ஏன்னு சொல்லுதேன்.

பெரிய துப்பாக்கி வெடிச்சாப் பின்னால மட்டும் உதைக்கும். உன்னுது சுருள்வில்லு. விசைய இழுத்தா உள்ள வில்லும் பிஸ்டனும் முன்னால பாயும், துப்பாக்கி பின்னால வரும். பிஸ்டன் போய் முட்டுன உடனே துப்பாக்கி முன்னால குதிக்கும். ஒரே வெடியில ரெண்டு உதை, போறப்ப ஒண்ணு, வாரப்ப ஒண்ணு. மாமியார் வீட்டு மரியாதை மாதிரி. பெரிய துப்பாக்கிக்குச் செஞ்ச ஸ்கோப்பு இந்த ரெண்டாவது உதைக்குப் பழக்கப்படாதது, நாலு நாள்ல உள்ள கண்ணாடி ஆட்டம் குடுத்துரும். ஏர் கன்னுக்குன்னே செஞ்சதுன்னு எழுதியிருக்கா பாரு. இருக்கு. அந்த மட்டுக்குப் பொழைச்ச.

ரெண்டு உதைக்கும் ஸ்கோப்பு மெல்ல மெல்லப் பின்னால ஊர்ந்து வரும். நத்தை மாதிரி. பத்து குண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தாக்கூட உனக்குத் தெரியாது. குறி மாறுது, காத்து மேல பழி, குண்டு மேல பழி. ஒரு நா அது புருவத்துல வந்து இடிக்கும், அப்பந்தாம் தெரியும். இப்ப நீ மாத்தி வாங்கியாந்த இந்த மவுண்ட்டோட வந்த பாலித்தீன் கவர்ல ஒரு சின்ன ஊசி இருந்ததே, எங்க? ஸ்பேர்னு நெனைச்சு எடுத்து வச்சிட்டியா? ஸ்பேரு! மாப்ளே, மவுண்ட்டு அடியில அந்த ஊசி இறங்கி, துப்பாக்கி முதுகுல இருக்குத இந்தக் குழியில உக்காரணும். கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. அதைப் போட்டுட்டு, உன் தங்கச்சிகிட்ட நெயில் பாலிஷ் வாங்கி மவுண்ட்டும் தண்டவாளமும் சேருத எடத்துல குறுக்க ஒரு கோடு இழு. கோடு உடைஞ்சா நகந்துருச்சுன்னு அர்த்தம். கோடு உடையாம குறி மாறுச்சுன்னா, மன்னிச்சிரு, நீதாம்.

ஆணி முடுக்குதது இருக்கே, அதுல உன் கைவரிசையப் பாத்தேன். பாவம், மரத்த இறுக்குத மாதிரி இறுக்கியிருக்க. ஸ்கோப்புக் குழாய் அலுமினியம். அங்கன பாரு, வளையம் கவ்வின எடத்துல லேசாச் சப்பியிருக்கு. ஆலன் கீய நீளக் காலு பிடிச்சுத் திருப்பாத. நீளக் கால ஆணியில விட்டு, குட்டைக் கால ரெண்டு விரலால பிடி. அதுல வார பலம் போதும். ஒரு பக்கத்து ஆணிய முழுக்க முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகாத. மூலைக்கு மூலை மாத்தி, காவாசி காவாசி. கலியாணப் பந்தல் காலு இறுக்குதப்பப் பாத்ததில்லையா?

முழுசா இறுக்குததுக்கு முந்தி ரெண்டு வேலை. ஒண்ணு, கண்ணு. கண்ண மூடிக்கிட்டு துப்பாக்கியத் தோள்ல வை, கன்னத்தக் கட்டையில சாய்ச்சுக்கோ, வசதியா இருக்குத மாதிரி. இப்பக் கண்ணத் திற. வட்டம் முழுசாத் தெரியுதா? ஓரத்துல கறுப்பா மூணாம்பிறை தெரிஞ்சாக் கும்பிட்டுக்கோ, சுடாத. ஸ்கோப்ப முன்ன பின்ன நகத்து. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூணு நாலு அங்குலம் இருக்குதப்ப வட்டம் முழுசா வரும். கண்ணு ஸ்கோப்பத் தேடிப் போகக்கூடாது, ஸ்கோப்பு வந்து கண்ணு முன்னால நிக்கணும்.

ரெண்டாவது, சாய்வு. ஸ்கோப்புக்குள்ள இருக்குத சிலுவைக்கோடு உனக்கு நேராத் தெரியுதா? உனக்கு எல்லாம் நேராத்தாம் தெரியும். கீழ வேலை நடக்குத வீட்டுல கொத்தனாரு தூக்குக்குண்டு வச்சிருக்காரு, கேட்டு வாங்கிட்டு வந்தேன். ரசமட்டமும் வாங்கினேன். ரசமட்டத்தத் துப்பாக்கி முதுகுல குறுக்க வச்சு, குமிழ் நடுவுல நிக்குத வரைக்கும் கட்டையில முட்டுக் குடு. எதிர்ச் சுவத்துல தூக்குக்குண்டத் தொங்க விடு. இப்ப ஸ்கோப்பு வழியாப் பாத்து, செங்குத்துக் கோடு அந்த நூலு மேல படியுத மாதிரி ஸ்கோப்பச் சுத்து. படிஞ்சிச்சா? எவ்வளவு சாஞ்சிருந்தது? அஞ்சு டிகிரி இருக்கும். கிட்டச் சுட்டாத் தெரியாது, தூரம் போகப் போகக் குண்டு பக்கவாட்டுல ஓடும். இப்ப இறுக்கு. ரெண்டு விரல்.

இனிமே சுடுதது. வடகம் காயுத பக்கம் வேண்டாம். லிப்ட் ரூமோட வெத்துச் சுவரு இருக்குல்ல, அங்க. பழைய மரப்பெட்டியில உங்க அத்தையோட கிழிஞ்ச சேலையெல்லாம் திணிச்சு வச்சிருக்கேன், பின்னால ரெண்டு எம்.எம். தகடு. படிக்கட்டுக் கதவத் தாழ்ப்பாள் போட்டாச்சு. டேப்பு வச்சு அளந்து பத்து மீட்டர்ல கோடு போட்டிருக்கேன். குழல மடக்கிக் குண்டு போடுதப்ப இடது கையக் குழல விட்டு எடுக்காத. விசை தட்டுப்பட்டு வில்லு விட்டுச்சுன்னா அந்தக் குழலு கத்தி மாதிரித் திரும்பும். விரலு விசயத்துல நான் வெளையாட மாட்டேன், என் சுண்டுவிரல் நுனி எங்க போச்சுன்னு லேத்துக்குத்தாம் தெரியும். அப்புறம் ஈயக்குண்டத் தொட்ட கையோட வடகத்தத் தொடாத. சோப்புப் போட்டுக் கழுவு.

ஒரு குண்டு சுட்டுட்டு உடனே ஸ்கோப்புத் திருகாணியத் திருகுதியே, அதாம் மாப்ளே உன் வியாதி. நான் சின்னப் பயலா இருந்தப்ப சங்கரன்கோயில் ஆடித்தபசுல ஒரு பலூன் கடை. துப்பாக்கி வேணும்னே கோணல். ஊருப் பயலுவ எல்லாரும் காச விட்டுட்டுப் போவாங்க. நான் மொத அஞ்சு குண்டையும் ஒரே பலூனுக்குக் குறி வச்சேன். அஞ்சும் நாலு விரக்கடை வலது பக்கம், ஒரே எடத்துல. அடுத்த அஞ்சுக்கு நாலு விரக்கடை இடது பக்கம் தள்ளிக் குறி வச்சேன், அஞ்சு பலூனும் போச்சு. அடுத்த காசுக்குத் துப்பாக்கியக் குடுக்க மாட்டேன்னுட்டான் கடைக்காரன். கோணத் துப்பாக்கியப் பத்தி எனக்குக் கவலையே இல்ல, ஒரே மாதிரிக் கோணலா இருந்தாப் போதும். நீ சுடுதது ஒண்ணு வடக்க, ஒண்ணு தெக்க. அதுல எந்தக் குண்ட நம்பித் திருகாணியத் திருகுவ?

ஏன் சிதறுதுன்னா, நீ துப்பாக்கியக் கழுத்தப் பிடிச்ச மாதிரி பிடிக்க. இந்தச் சுருள்வில்லுச் சாதிக்கு அது பிடிக்காது. குண்டு குழல விட்டு வெளிய வாரதுக்குள்ள அது ஆடத் தொடங்கிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விடணும். இடது உள்ளங்கையில சும்மா ஏந்து, கோழிக்குஞ்ச ஏந்துத மாதிரி. தோள்ல லேசா. விசைய வெடுக்குன்னு இழுக்காத. இப்ப அஞ்சு குண்டு போடு. அஞ்சும் போட்டுட்டு அப்புறம் போய்ப் பாரு.

ஆங்! பாத்தியா, அஞ்சும் ஒரு அஞ்சு ரூவாக் காசுக்குள்ள. இருக்க வேண்டிய எடத்துல இல்ல, அது வேற. எட்டு சென்டி கீழ, மூணு சென்டி இடது. இப்பப் பேசலாம்.

திருகாணியில கால் அங்குலம்னு போட்டிருக்கான் பாரு. ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம்னு படிச்சிட்டு நீ நாலு கிளிக் திருப்புன. அது நூறு கஜத்துக்குப் போட்ட கணக்கு. இங்க பத்து மீட்டர். ஒரு கிளிக்குக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சென்டி நகர 14 கிளிக். எட்டு சென்டிக்கு 112. நாலுக்கும் நூத்திப் பன்னெண்டுக்கும் உள்ள தூரத்துலதாம் என் வேட்டி தொங்கிச்சு.

ஆனா நூத்திப் பன்னெண்டையும் திருப்பக்கூடாது. காலையில நான் இந்த முட்டுல இருந்து அந்த முட்டு வரைக்கும் எண்ணிப் பாத்தேன், 240. பாதி 120-ல நிறுத்தி வச்சேன். அங்க இருந்து 112 போனா முட்டுக்குப் பக்கம் போயிரும். அங்க உள்ளுக்குள்ள இருக்குத வில்லுக்குப் பிடிமானம் குறைஞ்சு சிலுவைக்கோடே ஆடும். கிணத்து வெளிம்புல நின்னு தண்ணி இறைக்குத கதை.

எட்டு சென்டி ஏன் கீழ போச்சுன்னு யோசிச்சியா? குழலுக்கு மேல நாலு சென்டி உயரத்துல ஸ்கோப்பு உக்காந்திருக்கு, அதுல நாலு போச்சு. வினாடிக்கு 200 மீட்டர் போற குண்டு இங்க இருந்து சுவருக்குப் போக வினாடியில இருபதுல ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்துல ஒரு சென்டிக்குக் கொஞ்சம் மேல விழுந்துரும். மிச்சம் கிட்டத்தட்ட மூணு சென்டி இருக்கே, அது குழலோட தலைகுனிவு. மடக்குத குழலு நெறையப்பேருக்கு இப்படித்தாம், கொஞ்சம் வெட்கப்பட்டு நிக்கும். அதுக்குப் பின் வளையத்துக்குள்ள, ஸ்கோப்புக் குழாய்க்கு அடியில, ஷிம்னு மெல்லிசா ஒரு முட்டு வைக்கணும். வளையத்துக்கு வளையம் பத்து சென்டி. பின்னால மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தூக்கினா, பத்து மீட்டர்ல ஒரு சென்டி ஏறும்.

ஷிம்முக்கு எங்க போக? ரெண்டு வருசம் முந்தி இருமலுக்கு எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரே இருக்கு. மைக்ரோமீட்டர் வச்சேன், 0.18. வளையத்து அகலத்துக்கு வெட்டின ரெண்டு துண்டு. அதுக்கு மேல வச்சா இறுக்குதப்பக் குழாய் வளைஞ்சிரும். என் விலா எலும்புல ரெண்டு இனிமே உன் துப்பாக்கியில இருக்கு, மரியாதையா வச்சுக்கோ. அந்த டாக்டர் சொன்ன அன்னைக்கே பீடிய விட்டுட்டேன், அது வேற விசயம்.

ரெண்டு துண்டுக்கு மூணரை சென்டி ஏறிரும். மிச்சம் நாலரைக்குக் கொஞ்சம் குறையும், 62 கிளிக் மேல. 42 கிளிக் வலது. சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும். திருப்பிட்டு மூடிய ரெண்டு தட்டு தட்டு, உள்ள சரியா உக்காரட்டும். முன் கண்ணாடியில வளையத்தப் பத்துல வை. தலைய லேசா ஆட்டிப் பாரு, சிலுவைக்கோடு காகிதத்து மேல ஊருதா? ஊரலியா? சரி. போடு அஞ்சு.

…

ம். நாலு குண்டு நடுவுல, ஒண்ணு மட்டும் விலகியிருக்கு. அதுக்கு விசைய இழுக்குதப்பக் கீழ மாம்பழக்காரன் கூவினான், நீ திரும்பிப் பாத்த. மாம்பழக்காரனுக்கு கிளிக் கிடையாது.

இதுக்கு மேல ஆசை இருந்தா கச்சிபௌலியில பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள சுடுத மைதானம் இருக்கு, அங்க போய் ஒழுங்காப் படி. வடகத்துக்கு நான் வலை போட்டாச்சு. பழைய கொசுவலை, நாலு செங்கல்லு. காலையில அந்தக் குரங்கு வந்து வலையத் தொட்டுப் பாத்துட்டு உன் பெட்டி மேல ஏறி உக்காந்து பேன் பாத்துக்கிட்டிருந்துச்சு.

சாயந்தரம் கடைக்குப் போறப்ப வேட்டிய மறந்துராத. எட்டு முழம், கரை சின்னதா இருக்கட்டும். என்னது? ரெண்டாவது ஓட்டையா? ஏலே, குண்டு பட்டா ஓரம் கருகுமாடா? அது பீடி. சத்தம் போடாத. உங்க அத்தைகிட்ட ரெண்டும் உன்னுதுன்னுதாம் சொல்லியிருக்கேன்.